காலி இடத்தின் விலை: என்பிஏ அணிகளும் நாளைய சம்பளக் கணக்கும்

2025 ஜூலை தொடக்கத்தில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஒரே பிரிவைச் சேர்ந்த இரண்டு போட்டி அணிகள் நேரெதிரான முடிவுகளை எடுத்தன. குதிகால் தசைநாண் அறுந்து கிடந்த டேமியன் லில்லார்டை மில்வாக்கி பக்ஸ் விடுவித்தது. அவருக்குத் தர வேண்டியிருந்த சுமார் 11.3 கோடி டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பிக் கட்ட ஒப்புக்கொண்டது. இனித் தனக்காக ஆடப்போகாத ஒருவருக்காக ஆண்டுதோறும் இரண்டேகால் கோடி டாலர் அதன் சம்பளக் கணக்கில் நிற்கும். அப்படிப் பிறந்த இடத்தில் அது அழைத்துவந்தது இண்டியானா பேசர்ஸில் பத்து சீசன் ஆடிய மைல்ஸ் டர்னரை.

டர்னரைத் தக்கவைக்க இண்டியானாவுக்கு விதிகளில் தடை ஏதுமில்லை. சில நாட்களுக்கு முன்புதான் அந்த அணி இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம்வரை போயிருந்தது. ஆனால் அதே ஆட்டத்தில் அதன் நட்சத்திரம் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கும் குதிகால் தசைநாண் அறுந்தது. அடுத்த சீசன் கைநழுவிய நிலையில், மில்வாக்கி நீட்டிய நான்காண்டு ஒப்பந்தத்துக்கு ஈடுகொடுக்க இண்டியானா முன்வரவில்லை. ஒரே வகைக் காயம் ஓர் அணியை வருங்காலத்தை அடகுவைக்கத் தூண்டியது. மற்றொன்றைப் பணப்பையை மூடவைத்தது.

இன்றைய வெற்றிக்காக எதிர்காலச் சம்பளச் சுதந்திரத்தை எவ்வளவு தூரம் விட்டுக்கொடுக்கலாம் என்ற கேள்விக்கு என்பிஏவில் நாற்பது ஆண்டு வயது. பதில்கள் பல முறை மாறியிருக்கின்றன. அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எங்கே இடறின என்பதைப் பார்ப்பது இக்கட்டுரையின் வேலை.

கேள்வி பிறந்த இடம்

1983இல் அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டில் தொடங்குகிறது இது. வீரர்களுக்கு லீக் வருவாயில் 53 விழுக்காடு உறுதி. பதிலுக்கு அணிகளின் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு. 1984-85 சீசனில் அந்த வரம்பு 36 லட்சம் டாலர். ஆனால் முதல் நாளிலிருந்தே அது முழு வரம்பாக இருக்கவில்லை. தன் சொந்த வீரரைத் தக்கவைக்க ஓர் அணி வரம்பைத் தாண்டலாம் என்ற விலக்கு சேர்ந்தே வந்தது. பாஸ்டனின் லாரி பேர்டை முன்னிட்டு அதற்குப் பேர்டு விலக்கு என்றே பெயர் நிலைத்தது.

இந்த ஒற்றை விலக்குதான் பின்னால் வந்த தந்திரங்கள் எல்லாவற்றுக்கும் தாய். வெளியிலிருந்து பெரிய வீரரை வாங்க வரம்புக்குக் கீழே காலி இடம் வேண்டும். உள்ளே இருப்பவரை வைத்துக்கொள்ள அது வேண்டியதில்லை. ஆகவே வீரர் ஒருவரைப் போகவிட்டால் மிச்சமாவது எப்போதும் இடம் அல்ல. பல வேளைகளில் வெறும் பணம்தான் மிச்சம், அதுவும் உரிமையாளருடைய பணம். ரசிகர்களின் வாக்குவாதங்களில் இந்த வேறுபாடு அடிக்கடி தொலைந்துபோகிறது. அணி நிர்வாகங்களும் சில வேளைகளில் வேண்டுமென்றே தொலைத்துவிடுகின்றன.

பிறகு வந்த திருத்தங்கள் ஒவ்வொன்றும் முந்தைய ஓட்டைக்குப் போட்ட ஒட்டு. 1997இல் கெவின் கார்னெட் மினசோட்டாவுடன் செய்த 12.6 கோடி டாலர் ஒப்பந்தம் உரிமையாளர்களைக் கலங்கடித்தது. 1998-99 கதவடைப்புக்குப் பின் தனி வீரர் சம்பளத்துக்கும் உச்சம் வந்தது. 2002-03 முதல், குறிப்பிட்ட கோட்டைத் தாண்டும் சம்பளத்துக்குச் சொகுசு வரி. 2011 கதவடைப்பு அந்த வரியைப் படிப்படியாக ஏறுவதாக மாற்றி, மீண்டும் மீண்டும் மீறுபவர்களுக்குக் கூடுதல் வரியையும் சேர்த்தது.

காலி இடத்தை நம்பியவர்கள்

முதல் பதில் எளிமையானது: ஒப்பந்தங்களைக் கழித்து இடத்தைக் காலியாக வை, நட்சத்திரம் வரும். இதன் வேதப் பிரமாணம் 2010இன் மயாமி ஹீட். வரிசையைக் கிட்டத்தட்ட வெறுமையாக்கிவிட்டு, டுவேன் வேடுடன் லெப்ரான் ஜேம்ஸையும் கிறிஸ் பாஷையும் சேர்த்தது. நான்கு ஆண்டுகளில் நான்கு இறுதிச் சுற்றுகள், இரண்டு கோப்பைகள்.

அதே கோடையில் அதே லெப்ரானுக்காக நியூயார்க் நிக்ஸும் ஆண்டுக்கணக்கில் இடத்தைக் காலிசெய்து காத்திருந்தது. கிடைத்தவர் அமாரே ஸ்டௌடமையர். முதல் சீசனில் ஒளிர்ந்தார்; முழங்கால்கள் அதன் பிறகு ஒத்துழைக்கவில்லை. பாடம் படித்ததாகத் தெரியவில்லை. 2019இல் நிக்ஸ் மீண்டும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸை டாலஸுக்கு அனுப்பி இரண்டு பெரிய வீரர்களுக்கு இடம் செய்தது. கெவின் டுரான்ட்டும் கைரி இர்விங்கும் நியூயார்க்குக்கு வரத்தான் செய்தார்கள், ஆனால் ஆற்றுக்கு அப்பால் இருந்த புரூக்ளினுக்கு.

இந்தப் பதிலின் பலவீனத்தை எல்லாரையும்விடத் துல்லியமாகக் காட்டியது டாலஸ் மாவரிக்ஸ். 2011இல் டிர்க் நோவிட்ஸ்கியின் தலைமையில் கோப்பை வென்ற அணி அது. அந்த வெற்றிக்குத் தடுப்பாட்டத் தூணாக நின்ற டைசன் சாண்ட்லரை, புதிய வரி விதிகளை முன்னிட்டு, அடுத்த சீசன் தொடங்குவதற்குள் நியூயார்க்குக்குப் போகவிட்டது. காத்துவைத்த இடத்தைக் கொண்டு 2012இல் டெரன் வில்லியம்ஸை அழைத்தது. அவர் நெட்ஸிலேயே தங்கிவிட்டார். 2013இல் டுவைட் ஹோவர்டை அழைத்தது. அவர் ஹூஸ்டனுக்குப் போனார். (டெரன் வில்லியம்ஸ் கடைசியில் டாலஸுக்கு வந்தார், 2015இல், புரூக்ளின் காசு கொடுத்துக் கழற்றிவிட்ட பிறகு.) 2011க்குப் பின் ஒரு பிளேஆஃப் தொடரை வெல்ல அந்த அணிக்கு 2022 வரை ஆனது.

அன்றைய தர்க்கம் பிழையற்றதாகவே தோன்றியது: சாண்ட்லருக்கு வயதும் ஏறுகிறது, வரியும் ஏறுகிறது. ஆனால் காலி இடம் என்பது அணியின் கையிலுள்ள சொத்தல்ல. மூன்றாம் ஆள் ஒருவர் ஆம் என்றால் மட்டுமே அதற்கு மதிப்பு. லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் போன்ற அணிக்கு அந்த ஆம் எளிதில் கிடைக்கும். 2016இல் டிமோஃபி மோஸ்கோவுக்கு 6.4 கோடி, லூவால் டெங்குக்கு 7.2 கோடி என்று அள்ளிவிட்ட அதே அணி, மோஸ்கோவைத் தலைமுழுக இளம் டி'ஆஞ்சலோ ரசலையும் சேர்த்துக் கொடுத்தது. அப்படியிருந்தும் 2018இல் லெப்ரான் வந்தார், 2020இல் கோப்பையும் வந்தது. மெம்ஃபிஸோ சார்லட்டோ இதையே செய்திருந்தால் முடிவு இப்படி இருந்திருக்குமா என்பது ஐயமே.

கிடைத்த வாய்ப்பை விடாதே

இரண்டாவது பதில், நட்சத்திரம் உச்சத்தில் இருக்கும் சில ஆண்டுகளே அணியின் உண்மையான மூலதனம், அப்போது எதையும் மிச்சம் பிடிக்காதே என்கிறது. ஹூஸ்டனின் அந்நாள் பொது மேலாளர் டேரில் மோரி இதைக் கணக்காகவே வைத்தார்: கோப்பைக்கு ஐந்து விழுக்காடு வாய்ப்பு இருந்தாலும் முழுக் கவனமும் அதில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் நிலை.

இதற்கு வலுவான சாட்சிகள் உண்டு. 2018இல் டொரண்டோ ராப்டர்ஸ், ரசிகர்களின் செல்லப்பிள்ளையான டிமார் டிரோசனைக் கொடுத்து, ஓராண்டே ஒப்பந்தம் மீதமிருந்த கவாய் லெனார்டை வாங்கியது. அவர் 2019இல் கோப்பையை வென்று கொடுத்துவிட்டுக் கிளிப்பர்ஸுக்குப் போனார். டொரண்டோவில் எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. மில்வாக்கி 2020இல் ஜ்ரூ ஹாலிடேக்காக டிராஃப்ட் தேர்வுரிமைகளை (புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளை) கொட்டிக் கொடுத்தது, 2021இல் சாம்பியன். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2021-22இல் ஏறத்தாழ 17 கோடி டாலர் சொகுசு வரி கட்டிக் கோப்பை வென்றது.

எதிர்ச்சாட்சிகளும் குறைவில்லை. அவற்றில் புகழ்பெற்றது 2013இன் புரூக்ளின் நெட்ஸ். ஐந்தாண்டுக்குள் கோப்பை என்று அறிவித்திருந்த ரஷ்ய உரிமையாளர் மிகயில் புரோகரோவுக்காக, கார்னெட்டையும் பால் பியர்ஸையும் பாஸ்டனிடமிருந்து வாங்கினார்கள். விலை, முதல் சுற்றுத் தேர்வுரிமைகள் மூன்றும் இன்னோர் ஆண்டில் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையும். அந்த சீசனில் சுமார் 9 கோடி டாலர் சொகுசு வரி கட்டி, இரண்டாம் சுற்றில் மயாமியிடம் வீழ்ந்தார்கள். 2016-17இல் நெட்ஸ் வென்றது 82இல் 20 ஆட்டங்கள். அந்தக் காலத் தோல்விகளின் பலன் பாஸ்டன் பக்கம் ஜெய்லன் பிரவுனாகவும் ஜேசன் டேட்டமாகவும் முளைத்தது. 2024இல் பாஸ்டன் கோப்பை வென்றபோது அவ்விருவரும் அணியின் நடுநாயகங்கள். விதைநெல்லை விற்றவர் ஒருவர், விளைச்சலை அறுத்தவர் அடுத்த வயல்காரர்.

பினிக்ஸ் சன்ஸ் கதை இன்னும் சுருக்கம். 2023 பிப்ரவரியில் புதிய உரிமையாளர் மேட் இஷ்பியா பொறுப்பேற்ற ஓரிரு நாளில் டுரான்ட் வந்தார். கோடையில் பிராட்லி பீல். 2024இல் முதல் சுற்றில் மினசோட்டாவிடம் நான்குக்குச் சுழியம். 2025இல் 36 வெற்றி, பிளேஆஃப் இல்லை. பிறகு டுரான்ட் ஹூஸ்டனுக்கு, பீல் காசு கொடுத்து வெளியே.

இந்த உதாரணங்களை வைத்து வெற்றி விகிதம் போடும் ஆசை எழும். அதில் ஓர் ஆபத்து உண்டு. 30 அணிகளில் ஒன்றுதான் ஆண்டுதோறும் வெல்கிறது. வென்றவர்களின் செலவு துணிச்சலாகவும் தோற்றவர்களின் அதே செலவு ஊதாரித்தனமாகவும் எழுதப்படுகிறது. 2019 கிழக்கு அரையிறுதியின் ஏழாவது ஆட்டத்தில் லெனார்டின் கடைசிப் பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளி உள்ளே விழாமல் வெளியே விழுந்திருந்தால், டொரண்டோவின் பேரம் இன்று எந்தப் பட்டியலில் இருந்திருக்கும்?

ஒக்லஹோமாவின் இரு முகங்கள்

ஒரே அணி, ஒரே பொது மேலாளர், இரு வேறு காலங்களில் இரு முடிவு என்பதால் ஒக்லஹோமா சிட்டி தண்டர் தனிக் கவனத்துக்கு உரியது. 2012இல் டுரான்ட், ரசல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் ஆகிய மூன்று இளைஞர்களுடன் தண்டர் இறுதிச் சுற்றுக்குப் போய் மயாமியிடம் தோற்றது. அந்த அக்டோபரில், உச்சச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவான ஒப்பந்தத்தை ஹார்டன் ஏற்காததால், பொது மேலாளர் சாம் பிரெஸ்டி அவரை ஹூஸ்டனுக்கு அனுப்பினார். தரப்புகளுக்கிடையே நின்ற இடைவெளி நான்காண்டுக்கும் சேர்த்துச் சில பத்து லட்சம் டாலர்கள் என்ற அளவில்தான் அன்று பேசப்பட்டது. ஹார்டன் 2018இல் லீக்கின் சிறந்த வீரரானார். டுரான்ட் இருந்த காலத்தில் தண்டர் மறுபடி இறுதிச் சுற்றைத் தொடவில்லை.

சின்ன ஊர், சின்ன வருவாய், ஏறப்போகும் வரி என்று பிரெஸ்டியின் பக்கமும் நியாயம் உண்டு. ஆனாலும் அன்று காத்தது சம்பள இடத்தை அல்ல. ஹார்டன் சொந்த வீரர்; பேர்டு விலக்கு இருந்தது. காக்கப்பட்டது வரித்தொகை. இந்த அளவில் அது வரலாற்றின் மிக விலையுயர்ந்த சிக்கனங்களில் ஒன்று என்று சொல்வது மிகையாகாது.

2019இல் அதே பிரெஸ்டி வேறு வகை எதிர்காலத்தை வாங்கினார். பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், டானிலோ கல்லினாரி, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகள், இரண்டு இடமாற்று உரிமைகள் ஆகியவற்றைப் பெற்றார். அந்த உரிமைகளில் ஒன்று 2022இல் ஜெய்லன் வில்லியம்ஸ் ஆனது. 2024-25இல் தண்டர் 68 ஆட்டங்களை வென்று, ஷே சிறந்த வீரராகி, இண்டியானாவை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. ஜார்ஜைப் பெற்ற கிளிப்பர்ஸ் ஐந்து சீசன்களில் ஒருமுறை மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனது, அவ்வளவே. 2024இல் ஜார்ஜ் ஃபிலடெல்ஃபியாவுக்கு விலகியபோது, அவர் கேட்ட அளவுக்கு நீள முடியாததற்குப் புதிய சம்பள விதிகளின் நெருக்கடியையே கிளிப்பர்ஸ் காரணம் காட்டியது.

மூன்றாவது பதில் இங்கிருந்து கிளைக்கிறது. நெகிழ்வு என்பது வெறும் காலி இடமல்ல. பிறர் விரும்பும் பொருட்களின் கையிருப்பு. தேர்வுரிமைகள், மலிவு ஒப்பந்த இளைஞர்கள், எளிதில் கைமாற்றக்கூடிய நடுத்தரச் சம்பளங்கள். இவற்றுக்கு எந்த நட்சத்திரத்தின் சம்மதமும் தேவையில்லை. இன்று என்பிஏ அலுவலகங்களில் அதிகம் கேட்கும் பதில் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. சாம் ஹிங்கி 2013 முதல் 2016 வரை ஃபிலடெல்ஃபியாவின் பொது மேலாளராக இதைத்தான் தீவிரமாகச் செய்தார். 2015-16இல் பத்தே வெற்றிகள். கையிருப்பு குவிந்தது, ஜோயல் எம்பீட் எழுந்தார். ஆனாலும் 2025 வரை அந்த அணி இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. கையிருப்பைச் சேர்ப்பது ஒரு திறமை, அதை ஆளாக மாற்றுவது வேறு திறமை.

ஆய்வாளர்கள் கண்டது

பொருளியலாளர்கள் இந்தக் கேள்வியை நேராகக் கேட்டதைவிடச் சுற்றி வளைத்துக் கேட்டதே அதிகம். பாரி ஸ்டாவும் ஹா ஹோவாங்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, ஆட்டத்திறனைக் கணக்கில் எடுத்த பிறகும், டிராஃப்டில் முன்னதாகத் தேர்வான வீரர்களுக்கே அணிகள் அதிக நேரம் கொடுக்கின்றன என்று காட்டியது. செலவிட்டதை எழுதித்தள்ள மனம் வருவதில்லை. பெக் டெய்லரும் ஜஸ்டின் ட்ராக்டனும் 2002இல், பிளேஆஃப் வாய்ப்பை இழந்த அணிகள் டிராஃப்ட் ஆதாயம் இருக்கும்போது கூடுதலாகத் தோற்கின்றன என்று கண்டார்கள். கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் அமெரிக்கக் கால்பந்தில் அணிகள் அடுத்த ஆண்டுத் தேர்வுரிமையை எவ்வளவு மலிவாக மதிக்கின்றன என்று கணித்தார்கள்: மறைமுக வட்டி ஆண்டுக்கு நூறு விழுக்காட்டுக்கும் மேல்.

கடைசி முடிவைக் கூடைப்பந்துக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. ஐந்து பேர் ஆடும் ஆட்டத்தில் தலைசிறந்த ஒருவரின் எடை மிக அதிகம். நாளைய நான்கு நல்லவர்கள் இன்றைய ஒரு மகத்தானவருக்கு ஈடாவதில்லை. ஆகவே என்பிஏவில் நிகழ்காலத்துக்குக் கொடுக்கும் கூடுதல் விலையில் எவ்வளவு பொறுமையின்மை, எவ்வளவு ஆட்டத்தின் இயல்பு என்று பிரிப்பது கடினம்.

இரண்டாம் ஏப்ரன்

2016 வரை விவாதத்தின் மொழி பணம். அந்த ஆண்டு, 2,400 கோடி டாலர் தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் உச்சவரம்பு ஒரே தாவலில் 7 கோடியிலிருந்து 9.41 கோடி டாலருக்கு ஏறியது. ஏற்றத்தைப் படிப்படியாக்கும் யோசனையை வீரர் சங்கம் மறுத்திருந்தது. முந்தைய சீசனில் 73 ஆட்டங்களை வென்ற கோல்டன் ஸ்டேட், ஸ்டெஃபன் கரியின் பழைய மலிவு ஒப்பந்தத்தின் துணையோடு, டுரான்ட்டையும் சேர்த்துக்கொண்டது. பணமும் நேரமும் ஒருங்கே வாய்த்தால் விதி என்ன செய்யும் என்ற கேள்வி அப்போது கூர்மையானது.

2023 உடன்பாட்டின் பதில், வரிக்கோட்டுக்கும் மேலே போட்ட இரண்டாம் ஏப்ரன் என்ற சம்பளக் கோடு. 2025-26இல் உச்சவரம்பு 15.46 கோடி டாலர், சொகுசு வரிக்கோடு 18.79 கோடி, இரண்டாம் ஏப்ரன் 20.78 கோடி. அதைத் தாண்டும் அணி இரண்டு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது. பரிமாற்றத்தில் ரொக்கம் தர முடியாது. வரி கட்டும் அணிகளுக்குரிய சிறு ஒப்பந்த விலக்கும் போய்விடும். ஏழாண்டுக்குப் பின்வரும் முதல் சுற்றுத் தேர்வுரிமை உறைந்துவிடும். அதற்கடுத்த நான்கு ஆண்டுகளில் இருமுறை மீண்டும் மீறினால் அந்தத் தேர்வு சுற்றின் கடைசிக்குத் தள்ளப்படும். பெரும் செல்வந்தர்களுக்குக் காசு வலிக்காது என்று லீக் கண்டுகொண்டுவிட்டது. இப்போது தண்டனை கைகளைக் கட்டுவது.

விளைவுகள் உடனே தெரிந்தன. 2024 இலையுதிர் காலத்தில் மினசோட்டா, மேற்கு இறுதிவரை போன அணியிலிருந்து கார்ல்-ஆண்டனி டவுன்ஸை நியூயார்க்குக்கு அனுப்பியது. வேடிக்கை என்னவென்றால், அடுத்த சீசனில் இரு அணிகளும் தத்தம் பிரிவின் இறுதிவரை போயின. சம்பளக் கட்டாயத்தால் நடந்த பரிமாற்றம் எப்போதும் ஒருவருக்கு நட்டமாகத்தான் முடியும் என்று சொல்ல முடியாது.

பாஸ்டன் கதை கடுமையானது. பிரவுனுக்கு ஐந்தாண்டில் 30 கோடி டாலர்வரை, டேட்டமுக்கு 31.4 கோடி. கோப்பை வென்ற மறு ஆண்டு, 2025 மே மாதம் நியூயார்க்குக்கு எதிரான ஆட்டத்தில் டேட்டமுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரைத் தாண்டும் என்ற கணக்கு முன்னே நிற்க, ஹாலிடே போர்ட்லண்டுக்கும் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் போனார்கள். அந்தத் தொடரை வென்ற நியூயார்க்கின் பக்கம், ஜேலன் பிரன்சன் ஓராண்டு காத்திருந்தால் கிடைக்கக்கூடிய தொகையைவிட உறுதித்தொகையில் 11 கோடி டாலருக்கும் மேல் குறைவான நான்காண்டு ஒப்பந்தத்தை 2024இல் ஏற்றிருந்தார். நெகிழ்வுக்கான விலையை அணிக்குப் பதிலாக வீரர் கட்டிய அரிய நிகழ்வு அது. அதைக் கொள்கையாக்க முடியாது. பிரன்சனைப் போல இன்னொருவர் செய்வார் என்று எந்த மேலாளரும் திட்டமிடுவதற்கில்லை.

யாருடைய நாளை?

மேற்கண்ட பதில்கள் அனைத்தும் அணியை ஒரே மனம் கொண்ட ஆளாகப் பாவிக்கின்றன. நடைமுறையில் அங்கே குறைந்தது மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. உரிமையாளருக்கு அணி ஏறுமதிப்புள்ள சொத்து. பாஸ்டன் 2025இல் 610 கோடி டாலர் மதிப்பில் கைமாறியது. நட்சத்திரத்துக்கு உச்ச ஆண்டுகள் சில. தன் அணி பின்வாங்கினால் அவர் வெளியேறக் கேட்பார். மேலாளருக்குக் கிடைக்கும் காலம் பெரும்பாலும் இருவரைவிடவும் குறைவு. நெட்ஸின் பில்லி கிங் 2016 ஜனவரியில் பொறுப்பை இழந்தார். அவர் கொடுத்த உரிமைகள் பிரவுனாகவும் டேட்டமாகவும் மாறியது அதற்குப் பிறகு.

மில்வாக்கியின் லில்லார்டு முடிவையும் இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டியிருக்கிறது. ஐந்தாண்டுச் சுமையைத் தனியே எடுத்தால் அது புரியாத பேரம். அணியின் நட்சத்திரம் யானிஸ் அன்டெட்டகுன்போ விலகிவிடுவாரோ என்ற அச்சத்தோடு சேர்த்துப் பார்த்தால், வாங்கப்பட்டது டர்னர் மட்டுமல்ல, அவகாசமும்தான். அது அறிவார்ந்ததா என்பது வேறு கேள்வி. எதிர்காலத்தைச் செலவிட்டவரும் அந்த எதிர்காலத்தில் கணக்குக் கொடுப்பவரும் ஒருவராக இல்லாதவரை, எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்விக்கு அணிக்குள்ளேயே ஒத்த பதில் இருக்காது என்று தோன்றுகிறது.

எஞ்சி நிற்பவை

மூன்று பதில்களில் முதலாவது, காலி இடத்தை நம்புவது, பெருநகர அணிகளுக்கு வெளியே இன்று வலுவிழந்துவிட்டது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றையொன்று தோற்கடிக்கவில்லை. தண்டரின் வெற்றி கையிருப்புக் கொள்கைக்குச் சான்றா, கில்ஜியஸ்-அலெக்சாண்டர் இவ்வளவு பெரிதாக வளர்வார் என்று 2019இல் எவரும் அறியாத அதிர்ஷ்டத்துக்குச் சான்றா என்பது தீராத வழக்கு.

2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டில் ஏழு வேறு சாம்பியன்கள். இரண்டாம் ஏப்ரனின் வெற்றி என்று இதைச் சிலர் கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்த வரிசையின் முதல் ஐந்து கோப்பைகள் புதிய விதிகள் நடைமுறைக்கு வரும் முன்பே வழங்கப்பட்டுவிட்டன. விதி சமநிலையைக் கொண்டுவந்ததா, ஏற்கெனவே வந்துகொண்டிருந்த சமநிலையில் போய்ச் சேர்ந்ததா என்று பிரிக்கும் அளவுக்கு இன்னும் ஆண்டுகள் இல்லை. உச்சவரம்பின் ஆண்டு ஏற்றம் பத்து விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், 2025-26இல் தொடங்கிய 7,600 கோடி டாலர் ஒளிபரப்பு ஒப்பந்தமும் 2016ஐப் போலத் திடீர் இடத்தைத் திறக்காது.

தண்டருக்கான சோதனையும் வரவிருக்கிறது. சாம்பியனான அதே கோடையில் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், வில்லியம்ஸ், செட் ஹோல்ம்கிரன் மூவருக்கும் உச்ச நீட்டிப்புகள் கையெழுத்தாயின. பின்னிருவருடையது 2026-27இலும் முன்னவருடையது 2027-28இலும் தொடங்குகின்றன. சேர்த்துவைத்த தேர்வுரிமைகளிலிருந்து மலிவான துணை வீரர்களை ஆண்டுதோறும் எடுத்து அந்த மூவரைச் சுற்றி நிரப்ப முடியுமா என்பதுதான் மூன்றாவது பதிலுக்கான முதல் முழுமையான பரீட்சை. புதிய தண்டனைகளின் எடை தெரிய அதைவிட நாள் ஆகும்: 2024-25இல் இரண்டாம் ஏப்ரனைத் தாண்டிய பினிக்ஸுக்கு உறைந்துபோன தேர்வுரிமை 2032ஆம் ஆண்டுக்கு உரியது.